பழைய பித்தளை ஸ்பிரிட் விளக்கு: இது எதற்காகச் செய்யப்பட்டது?

நவம்பர் 2, வாசகர் கேள்வி

குன்னூரில் ஒரு காயலான் கடையில் இந்தப் பித்தளைக் கிண்ணம் கிடைத்தது. உள்ளங்கைக்குள் அடங்கும், மேலே திருகு மூடி இருக்கிறது, திரி மட்டும் காணவில்லை. பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டிலிருந்து ஏலத்தில் வந்த சரக்கு என்று கடைக்காரர் சொல்கிறார். நூறு ஆண்டுக்கு முந்தைய ஆய்வகச் சாராய விளக்கு என்பது என் கணிப்பு. தெரிந்தவர்கள் உறுதிப்படுத்துங்கள்.

நவம்பர் 2, இரவு, என் பதில்

முதலில் மூடியைக் கழற்றி நேர் மேலிருந்து ஒரு படமும், கவிழ்த்து வைத்து ஒரு படமும் எடுத்துப் போடுங்கள். இப்போதுள்ள படத்தில் வெளிச்சுவரும், விளிம்பை ஒட்டி ஓடும் மணிக்கோடும், மூடியின் சொரசொரப்பான ஓரமும்தான் தெரிகின்றன. இவற்றை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

ஆனால் ஆய்வக விளக்கு என்பதில் எனக்கு இப்போதே ஐயம் இருக்கிறது. பாஸ்டர் இன்ஸ்டிடியூட் 1907இல் தொடங்கப்பட்டது. அங்கே ஸ்பிரிட் விளக்குகள் எரிந்திருக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. அந்த வேலைக்கு எப்படிப்பட்ட தீ வேண்டும் என்று பாருங்கள். நுண்ணுயிரியல் ஆய்வில் கம்பி வளையத்தைச் சிவக்கக் காய்ச்ச வேண்டும், சோதனைக் குழாயின் வாயைத் தீயில் காட்டி எடுக்க வேண்டும். இரண்டுக்கும் கூம்பாக நிமிர்ந்து நிற்கும் ஒற்றைச் சுடரே ஏற்றது. குறுகிய கழுத்து, நடுவில் ஒரு திரிக்குழாய், அணைக்க ஒரு தொப்பி ஆகியவை இருந்தால் அந்தச் சுடர் கிடைத்துவிடும். கண்ணாடியில் செய்தால் எவ்வளவு ஸ்பிரிட் மீதமிருக்கிறது என்பதும் கண்ணுக்குத் தெரியும். நாம் பள்ளி ஆய்வகத்தில் பார்த்த சாராய விளக்கு அப்படித்தான் இருந்தது. உங்களுடையது அகலமாக, தட்டையாக, ஓரத்தில் அலங்காரக் கோட்டோடு இருக்கிறது. ஆய்வகத்துக்குச் சாமான் செய்பவன் மணிக்கோட்டுக்குக் கூலி கேட்கமாட்டான்.

யாருடையது, எத்தனை வயது என்ற கேள்விகள் பின்னால் வரட்டும். சுடர் எந்த வழியாக வெளியே வருகிறது, அந்தச் சுடருக்கு மேலே என்ன வைக்கப்பட்டது என்ற இரண்டையும் கண்டுபிடித்தால் போதும். மற்றவற்றில் பாதி தாமாகவே தெளிந்துவிடும்.

நவம்பர் 3

தன் பாட்டி இதைப் பம்ப் ஸ்டவ்வின் ஸ்பிரிட் கிண்ணம் என்று சொன்னதாக ஒருவர் எழுதியிருக்கிறார். பாட்டியின் நினைவில் ஸ்பிரிட்டும் பித்தளையும் சேர்ந்து இருப்பது இயல்பு, ஆனால் இது அதுவல்ல. பம்ப் ஸ்டவ்விலும் பெட்ரோமாக்ஸிலும் மண்ணெண்ணெய் முதலில் ஆவியாக வேண்டும், அதற்கு முன்சூடு கொடுக்கத்தான் ஸ்பிரிட் ஊற்றுவோம். ஸ்டவ்வில் அந்தக் கிண்ணம் நடுத்தண்டைச் சுற்றி நிலையாகப் பொருத்தப்பட்டிருக்கும். நடுவில் தண்டு போகத் துளை இருக்கும், மூடி இருக்காது. பல ஆண்டுகள் பெட்ரோமாக்ஸும் ஸ்டவ்வும் பழுதுபார்த்துப் பிழைத்தவன் என்பதால், இதை மட்டும் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்காமலே சொல்வேன்.

நவம்பர் 5

மேலிருந்து எடுத்த படம் வந்துவிட்டது, கதையும் மாறிவிட்டது. இதில் ஒரு சுவருக்குப் பதிலாக இரண்டு சுவர்கள் இருக்கின்றன. வெளிக்கிண்ணத்துக்குள் ஓர் உட்குழல். இரண்டுக்கும் இடையே குறுகிய இடைவெளி. அந்த இடைவெளியை மேலே மூடியிருக்கும் விளிம்பில், குண்டூசி நுழையும் அளவில், சுற்றிலும் துளைகள். ஆகவே நீங்கள் தேடும் நடுத்திரி தொலைந்துபோகவில்லை. இந்த வகையில் அப்படி ஒன்று வைப்பதே இல்லை.

இது வேலை செய்யும் விதத்தைச் சற்று விரிவாக எழுதுகிறேன், ஏனெனில் அடையாளம் முழுவதும் இதில்தான் அடங்கியிருக்கிறது. நடுக்குழியில் ஸ்பிரிட் ஊற்றித் தீக்குச்சியைக் காட்டினால், முதலில் நடுவில் மட்டும் சோம்பலான ஒரு தீ எழும். அந்தத் தீ உட்சுவரைச் சூடாக்கும். உட்குழலின் அடியிலுள்ள வழியாக இடைவெளிக்குள் புகுந்திருக்கும் ஸ்பிரிட், 78 பாகை செல்சியஸில் கொதிக்கும் பொருள் என்பதால், சற்று நேரத்தில் ஆவியாகத் தொடங்கும். ஆவிக்குப் போக வேறு வழியில்லாததால் மேல்விளிம்புத் துளைகளின் வழியே பீறிட்டு வந்து, நடுத்தீயில் பற்றிக்கொண்டு, வளையமாக எரியும். பிறகு அந்த வளையத்தின் சூடே கிண்ணத்துக்கு அடுத்த ஆவியை உண்டாக்கிக் கொடுக்கும். பம்பும் இல்லை, நகரும் உறுப்பும் இல்லை.

வளையத் தீ அகன்ற அடியுள்ள பாத்திரத்துக்கு உரியது. அதில் கம்பியைக் காய்ச்சுவது கடினம், சோதனைக் குழாயைச் சுடவைப்பதும் கடினம். கடைக்காரரின் பாஸ்டர் இன்ஸ்டிடியூட் கதையை இந்த இடத்தில் விட்டுவிடலாம்.

நவம்பர் 5, பின்னிரவு

மேலே எழுதியதோடு சேர்த்துப் படிக்க வேண்டிய எச்சரிக்கை. ஸ்பிரிட் தீ வெளிறிய நீல நிறம் கொண்டது, பகல் வெளிச்சத்தில் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. எங்கள் பட்டறையில் ஒரு பையன், அணைந்துவிட்டது என்று நினைத்து, எரிந்துகொண்டிருந்த கிண்ணத்தில் புட்டியைச் சாய்த்தான். தீ ஊற்றும் தாரையில் ஏறிப் புட்டியின் வாய்வரை வந்துவிட்டது. புட்டியைத் தூக்கி எறியாமல் நிமிர்த்தி வைக்கும் நிதானம் அவனுக்கு இருந்ததால் முன்கை முடி கருகியதோடு போயிற்று. இதில் மறுபடி ஊற்ற வேண்டுமென்றால் கிண்ணத்தைத் தொட்டால் குளிர்ந்திருக்க வேண்டும், அதற்கு முன் கூடாது. அணைப்பதற்கு ஊதவும் வேண்டாம்; தட்டையான ஒரு தகர மூடியை மேலே கவிழ்த்தால் போதும்.

நவம்பர் 6

"டிராஞ்சியா தானே?" என்று மூவர் கேட்டிருக்கிறார்கள். மலையேறுபவர்கள் எடுத்துச் செல்லும் டிராஞ்சியா பர்னரும் இதே தத்துவம்தான், அதனால் ஒற்றுமை தெரிவதில் வியப்பில்லை. ஸ்வீடனில் அந்த நிறுவனம் 1925இல் தொடங்கியது. காற்றுத்தடுப்போடு கூடிய அவர்களது புகழ்பெற்ற அடுப்பு 1951இல் வந்தது. அவர்களின் பர்னரில் மணிக்கோடு கிடையாது, நிக்கல் முலாமும் கிடையாது. உங்கள் இரண்டாவது படத்தில் அடிவிளிம்பின் உள்பக்கத்தில் வெண்மையாகத் தெரிவது நிக்கல் முலாமின் மிச்சம் என்றே நினைக்கிறேன். வெளிப்பக்கம் யாரோ புளியும் செங்கல் பொடியும் போட்டு ஆண்டுக்கணக்கில் விளக்கியிருக்கிறார்கள்.

நவம்பர் 8

நேற்று ஒருவர் இது நில அளவைத் துறையின் கருவியாக இருக்கலாம், மலை உயரத்தை அளக்கும் ஹிப்சோமீட்டரின் அடிப்பாகம் என்று நீண்ட குறிப்பு எழுதியிருந்தார். அழகான ஊகம். நீலகிரியில் கிடைத்த எந்தப் பித்தளைக் குழாயையும் சர்வேயர் கையில் கொடுத்துப் பார்க்க எல்லோருக்கும் ஆசை வருகிறது. கருவி என்னவென்று பார்ப்போம்.

உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறைகிறது, நீரின் கொதிநிலையும் இறங்குகிறது. ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு பாகை என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். மேட்டுப்பாளையத்தில் 99 பாகையை ஒட்டிக் கொதிக்கும் நீர், 1850 மீட்டர் உயரமுள்ள குன்னூரில் 94 பாகையிலும், 2240 மீட்டர் உயரமுள்ள உதகையில் 92.5 பாகையிலும், 2637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டா உச்சியில் 91 பாகையிலும் கொதிக்கும். இதைத் திருப்பிப் போட்டுக் கொதிநிலையிலிருந்து உயரத்தைக் கணக்கிடுவதுதான் ஹிப்சோமீட்டரின் வேலை. பத்தில் ஒரு பாகை தவறினால் உயரத்தில் 30 மீட்டர் தவறும் என்பதால் வெப்பமானி மிக நுட்பமாகக் கோடிடப்பட்டிருக்கும். வெப்பமானியின் குமிழ் நீரில் மூழ்காமல் ஆவியில் நிற்கும், காரணம் நீரிலுள்ள உப்பும் அழுக்கும் நீரின் கொதிநிலையை மாற்றும், ஆவியின் வெப்பநிலையை மாற்றாது.

இப்போது விளக்குக்கு வருவோம். அந்தக் கருவியில் சில விழுங்கு நீரை அமைதியாகக் கொதிக்க வைத்துக்கொண்டிருக்கும் அளவுக்குச் சிறு சுடர் போதும். அது திரி விளக்காகவே இருக்கும், சுற்றிலும் காற்று வீச்சைத் தடுக்கும் துளைத்தகட்டு உறை இருக்கும், எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று இறங்கித் தோல் உறைக்குள் போய்விடும். நம் கிண்ணத்தின் வளையத் தீயை அதன் கீழே வைத்தால் நீர் சீக்கிரம் வற்றிவிடும், அளவும் கெட்டுவிடும். விட்டமும் பொருந்தாது.

நவம்பர் 9

அருவங்காடு கார்டைட் தொழிற்சாலையில் பயன்பட்டது என்று இன்னொருவர். 1904இலிருந்து வெடிமருந்து செய்யும் இடத்தில், வாசலில் தீப்பெட்டி எடுத்துப் போவதே குற்றமாக இருக்கும்போது, திறந்த தீ வளையத்தை யார் உள்ளே கொண்டுபோவார்கள்? ஓய்வறையில் தேநீர் போட்டார்கள் என்று சொன்னாலும் நான் நம்பத் தயாரில்லை.

நவம்பர் 14

வாசகர் மூடியின் மரையை அளந்து அனுப்பியிருக்கிறார், அதற்கு அவரைப் பாராட்ட வேண்டும். மரையின் மேடுகளை அளவுகோலை ஒட்டி எண்ணியதில் பத்து மேடுகள் பத்து மில்லிமீட்டருக்குள் சரியாக அடங்குகின்றன. அங்குலத்துக்கு எண்ணிப் பார்த்தால் முழு எண் வரவில்லை. பிரிட்டிஷ் பட்டறைகளில் அந்தக் காலத்து மரைகள் அங்குலக் கணக்கில் வெட்டப்பட்டவை. ஒரு மில்லிமீட்டர் மரை என்பது ஐரோப்பியக் கண்டத்துச் சரக்கு என்ற பக்கம் தராசைச் சாய்க்கிறது. இது மட்டுமே சான்றாகாது, ஆனால் மற்றொன்று கிடைத்தால் இரண்டும் சேர்ந்து பேசும்.

கும்பகோணத்துக் கன்னார், அதாவது பித்தளை, வெண்கலப் பாத்திரம் செய்பவர்கள், செய்த வேலையாக இருக்கலாம் என்ற கருத்துக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. நாச்சியார்கோவில் குத்துவிளக்கு வார்ப்பு வேலை, கனமாக இருக்கும், கடைசல் பிடித்து மெருகேற்றிய தடம் தெரியும். நம் கிண்ணம் மெல்லிய தகட்டிலிருந்து அழுத்தி எடுக்கப்பட்டது. சுவரின் தடிமன் ஒரே சீராக இருக்கிறது, உட்குழல் அடியில் ஈயப்பற்று வைத்து இணைக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பற்றுதான் இதன் பலவீனமும்: ஸ்பிரிட் வற்றிய பிறகும் சூட்டில் விட்டால் 200 பாகைக்குள்ளாகவே ஈயப்பற்று இளகிவிடும்.

நவம்பர் 15

சுத்தம் செய்வது பற்றிப் பலர் பலவிதமாகச் சொல்கிறார்கள். என் கருத்து: அடியில் ஏதேனும் எழுத்து இருக்கிறதா என்று பார்க்கும்வரை எதையும் தேய்க்காதீர்கள். மெல்லிய தாளை அடியில் வைத்து, பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தால், கண்ணுக்குத் தெரியாத பொறிப்பும் தாளில் ஏறும்.

அம்மோனியா கலந்த பாலிஷ் வேண்டவே வேண்டாம். பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களை ஒட்டிச் சேமித்துவைத்த பித்தளைத் தோட்டா உறைகள் தாமாகவே வெடித்துக் கீறல் விட்டன; குதிரைச் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா, அழுத்தி உருவாக்கியபோது பித்தளைக்குள் தங்கிய இறுக்கத்தோடு சேர்ந்து அந்தக் கேட்டை விளைவித்தது என்பது பின்னர் தெளிவாயிற்று. நம் கிண்ணமும் அழுத்தி உருவாக்கிய தகடுதான், குன்னூரில் இப்போது வடகிழக்குப் பருவமழையும் கொட்டுகிறது.

இன்னொன்று, இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். இரு சுவர்களுக்கும் இடையே சாம்பல் வெள்ளையில் நார் ஏதேனும் தெரிந்தால் அதைக் குச்சியால் கிளறி எடுக்காதீர்கள், ஊதாதீர்கள். பழைய ஸ்பிரிட் அடுப்புகளில் உறிஞ்சு பொருளாகக் கல்நார் அடைப்பது வழக்கம். ஈரமாக இருக்கும்வரை, இடத்தில் இருக்கும்வரை அது பறக்காது. உலர்ந்து தூசியானால் நுரையீரலுக்குக் கேடு.

நவம்பர் 22

பென்சில் தேய்ப்பு பலித்தது. அடியில் வளைவாக டி.ஆர்.ஜி.எம். என்ற நான்கு ரோமன் எழுத்துகள், அவற்றைத் தொடர்ந்து தேய்ந்துபோன சில எண்கள். ஜெர்மன் பேரரசில் 1891இலிருந்து சிறு கண்டுபிடிப்புகளுக்கு அளிக்கப்பட்ட பயன்மாதிரிப் பதிவின் குறி அது. முழுக் காப்புரிமைக்கு டி.ஆர்.பி. என்று வேறு குறி இருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மேற்கு ஜெர்மனியில் டி.பி.ஜி.எம். என்று எழுத்து மாறிவிட்டது. ஆகவே 1891க்குப் பின், 1945க்கு முன். மரை சொன்னதும் இதுவும் ஒத்துப்போகின்றன. 1914 முதல் 1918 வரை ஜெர்மனியோடு வணிகமே நின்றிருந்ததால், போருக்கு முன் வந்திருக்க வேண்டும், அல்லது இரு போர்களுக்கும் இடையில்.

குறியைப் போட்ட ஒரு மணி நேரத்தில் "பாசல் மிஷன்!" என்று பின்னூட்டங்கள் நிரம்பிவிட்டன. 1846இலிருந்து கேத்தியிலும் பின்னர் கோத்தகிரியிலும் பாசல் மிஷன் என்ற கிறித்தவ ஊழிய அமைப்பைச் சேர்ந்த ஜெர்மானியர்கள் இருந்தார்கள் என்பது உண்மை. அதனாலேயே இந்தக் கிண்ணம் ஒரு பாதிரியார் வீட்டுச் சாமான் ஆகிவிடாது. ஊசி, கத்தி, சாயம், ஆர்மோனியம், விளக்குச் சாமான் என்று ஜெர்மன் சரக்கு சென்னை, பம்பாய்க் கடைகளில் எல்லோருக்கும் விற்றது. பெட்ரோமாக்ஸே பெர்லினிலிருந்து வந்ததுதான். அதை வைத்திருந்த கல்யாண மண்டபங்கள் எல்லாம் மிஷன் சொத்தா?

நவம்பர் 23

நேற்றைய குறிப்போடு ஒன்று சேர்க்கிறேன். 1887இன் பிரிட்டிஷ் வணிகக் குறிச் சட்டத்துக்குப் பிறகு, ஆங்கிலச் சந்தைகளுக்குப் போகும் ஜெர்மன் பொருள்களில் ஜெர்மனி என்ற பெயரைப் பொறிப்பது பெருவழக்காயிற்று. இதில் அது இல்லை. பெட்டியில் சொந்தச் சாமானாக வந்திருக்கலாம் என்று இதிலிருந்து சிலர் முடிவுகட்டுவார்கள். எனக்கு எளிய விளக்கமே பிடித்திருக்கிறது: இது ஒரு முழுப் பொருளின் உறுப்பு, நாட்டின் பெயர் அந்த முழுப் பொருளில் இருந்திருக்கும்.

டிசம்பர் 6

வாசகர் கிண்ணத்தை நான் இருக்கும் கோத்தகிரிக்கே எடுத்து வந்தார், கையில் வாங்கிப் பார்த்தேன். படங்களில் தெரியாத மூன்று செய்திகள் இருக்கின்றன.

ஒன்று, வெளிச்சுவரில் பாதி உயரத்தில் மூன்று சிறு முளைகள் சம தூரத்தில் இருக்கின்றன. புளி போட்டுத் தேய்த்ததில் வட்டமாகிவிட்டதால் படத்தில் கறை போலத் தெரிந்தன. ஒவ்வொரு முளையின் அடியிலும் பித்தளை கோடாகத் தேய்ந்திருக்கிறது, அதாவது வளையம் ஒன்றில் கிண்ணத்தை இறக்கி, திருப்பிப் பூட்டியிருக்கிறார்கள். இரண்டு, விளிம்புத் துளைகளில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிடப் பெரிது, அதன் ஓரமும் பிசிறடித்திருக்கிறது. யாரோ அடைப்பெடுக்க ஸ்டவ் பின்னைவிடத் தடித்த ஊசியை நுழைத்திருக்கிறார்கள். மூன்று, முலாம் மிச்சமிருக்கும் இடங்களில் மேல்விளிம்பை ஒட்டி வைக்கோல் நிறமும், அதன் மேல் நீலச் சாயலும் ஏறியிருக்கின்றன. நன்றாக, நீண்ட நாள் எரிந்த பொருள். அலமாரியில் அழகுக்கு வைத்ததன்று.

பற்றவைத்தும் பார்த்தோம். இடைவெளியில் இருந்தது பருத்தித் திரிநூல்தான், கல்நார் இல்லை என்பதை உறுதிசெய்துகொண்ட பிறகே பற்றவைத்தோம். ஸ்பிரிட் கிடைப்பதுதான் பெரும்பாடு. மதுவிலக்குச் சட்டத்தின் கீழ் மெத்திலேட்டட் ஸ்பிரிட்டுக்குக் கட்டுப்பாடு உண்டு. 2024இல் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அத்தனை பேரைக் கொன்ற பிறகு, அரை லிட்டர் கேட்டாலே கடைக்காரர் முகத்தைப் பார்க்கிறார், அவரைக் குறை சொல்லவும் முடியாது. முதலில் மருந்துக் கடையில் கிடைத்த ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை ஊற்றினோம்; மஞ்சள் தீயும் கரியுமாக வந்தது. பிறகு உரிமம் வைத்திருக்கும் நண்பர் ஒருவரின் பட்டறையில் முறையான ஸ்பிரிட்டை ஊற்றிப் பார்த்தோம்.

காலை நேரக் குளிரில் தீக்குச்சி காட்டியதும் பற்றவில்லை. ஸ்பிரிட்டின் மேல் தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி எழ, அது ஏறத்தாழ 13 பாகைக்கு மேல் இருக்க வேண்டும். கோத்தகிரி டிசம்பர் காலையில் தகரக் கொட்டகைக்குள் அவ்வளவு சூடு ஏது? கிண்ணத்தைச் சற்று நேரம் இரு கைகளாலும் பொத்தி வைத்திருந்த பிறகு பற்றியது. நடுத்தீ எழுந்து, விளிம்பில் முதலில் அந்தப் பெரிய துளையிலும் பிறகு ஒவ்வொன்றாகச் சுற்றியும் நீல முனைகள் முளைத்து, வளையம் முழுமையானபோது மெல்லிய சீறல் ஒலி கேட்டது. பெரிய துளைக்கு எதிரே மட்டும் தீ நாக்கு நீண்டு சாய்ந்தது.

ஒரு லிட்டர் நீரைக் கொதிக்க வைக்க ஏறத்தாழ 40 மில்லி ஸ்பிரிட் செலவாகும் என்பது என் கணக்கு. கிண்ணத்தில் பாதுகாப்பாக ஊற்றக்கூடிய அளவு இதற்குச் சற்றுக் கூடுதலாக, ஒரு கெட்டில் தேநீருக்குப் போதுமானதாக இருக்கிறது. மூன்று முளைகளும், மணிக்கோடும், நிக்கல் முலாமும், இந்தக் கொள்ளளவும் சேர்ந்து ஒரே இடத்தைக் காட்டுகின்றன: மேசைமேல் அல்லது முகாமில் வைக்கும், தாங்கியோடு கூடிய ஸ்பிரிட் கெட்டிலின் பர்னர் இது. திருகு மூடி இருப்பதால் பயணத்தில் எடுத்துச் செல்லும் வகை என்ற பக்கம் சாய்கிறேன். வீட்டு மேசையை விட்டு நகராத கெட்டிலுக்கு, ஸ்பிரிட் சிந்தாமல் மூட இவ்வளவு மரை வெட்டத் தேவையில்லை.

டிசம்பர் 9

விலை என்ன பெறும் என்று கேட்டிருக்கிறார்கள். தாங்கியும் கெட்டிலும் இல்லாத பர்னர் உதிரி உறுப்புதான். சேகரிப்பவர் தன்னிடம் இருக்கும் தாங்கிக்குப் பொருந்தினால் நல்ல விலை தருவார், இல்லையென்றால் பித்தளை எடைக்கு மேல் சிறிது கிடைக்கும். வாசகர் விற்கும் எண்ணத்தில் இல்லை என்பதால் தாங்கியைத் தேடலாம். முளைகளையும் சேர்த்துக் கிண்ணத்தின் விட்டம் 74 மில்லிமீட்டர், முளைகள் இல்லாமல் 71. ஆகவே வளையத்தின் உள்விட்டம் இந்த இரண்டுக்கும் இடையில் இருக்க வேண்டும், முளைகள் இறங்க மூன்று வெட்டுகளும் இருக்க வேண்டும். மூன்று கால் உள்ள எந்தப் பழைய தாங்கியைக் கண்டாலும் முதலில் அந்த வெட்டுகளைப் பாருங்கள்.

அதுவரை மூடிக்குள் இருக்கும் தக்கை வாஷரை மாற்றிவிடுங்கள், அது பொடிந்துபோயிருக்கிறது. ரப்பர் வாஷர் போட்டால் கிண்ணம் முழுதும் ஆறிய பிறகே மூட வேண்டும். தக்கையே போட்டாலும் அப்படிச் செய்வது நல்லது.